தப்பு வாசிப்பு

முதலில் சாவு மேளம் கேட்டது.

ராத்திரி முழுக்க இறப்பர் ஸ்டோருக்குக் காவல் இருந்துவிட்டு வந்து, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து, அப்போதுதான் கண்ணை மூடியிருந்தார் வாச்சர் யோகராஜ். தோட்டத்தில் யாருக்கு முடியாமல் இருந்தது என்று படுத்தபடியே யோசித்தார். ஒரு முடிவுக்கு வருவதற்குள் மேளம் மாறிக் கல்யாண அடி விழுந்தது. அது ஓய்வதற்குள் மாரியம்மன் கரகத்துக்கு அடிக்கிற அடி. செத்தவருக்கே கல்யாணத்தையும் முடித்துவைத்து, அவர்மேல் சாமியையும் இறக்கிவிட்டார்களா? தெஹியோவிட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் அதிசயங்கள் நடப்பதுண்டுதான். ஆனால் இந்த வேகத்தில் நடப்பதில்லை. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

அந்தத் தூக்கம்தான் அவரைப் புத்தகத்தில் ஏற்றியது.

யோகராஜைப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டது, படிப்பு விடவில்லை. அரசியல், வரலாறு, உளவியல் என்று எந்த ஆய்வு நூல் புதிதாக வந்தாலும், கொழும்புக்குப் போகிறவர்களைக் கெஞ்சி வாங்கிவிடுவார். முன்னுரையை ஆசையோடு தொடங்குவார், நடுவில் தூங்குவார், நூற்பட்டியலில் விழித்துக்கொள்வார். அதற்குள் இரண்டு மூன்று சொற்கள் மூளையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வீட்டில் செலவழிப்பார்.

"தவமணி, உப்பில்லாத இந்தக் கொழம்பை நான் ஒரு எதிர்ப்பு அரசியலாப் பாக்குறேன்."

"பாத்தா வயிறு நெறையாது. சாப்பிடுங்க," என்பார் மனைவி.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வாசிப்புப் பண்பாட்டு ஒருங்கிணைப்பு மற்றும் துரிதப்படுத்தல் பணியகம் என்றொரு பணியகம் ஓர் அறிவித்தல் விட்டிருந்தது. சப்ரகமுவத் தோட்டங்களில் எதிலே வாசிப்பு செழித்திருக்கிறது என்று ஒரு கலாநிதியைக் கொண்டு ஆய்வு செய்யப்படும். அந்தத் தோட்டத்துக்கு ஒரு வாசிகசாலை கட்டித் தரப்படும். அதற்கு ஒரு பொறுப்பாளர், அந்தத் தோட்டத்து வாசகர்களில் இருந்தே நியமிக்கப்படுவார். பகல் வேலை! மனிதரைப்போல வெளிச்சத்தில் நடமாடி, மனிதரைப்போல இருட்டில் தூங்கலாம். இந்த மலையில் தன்னைவிட்டால் வேறு வாசகர் யார் என்று யோகராஜ் ஸ்டோரின் இறப்பர் ஷீட்டுகளிடம் பலமுறை கேட்டிருக்கிறார். அவை மறுத்ததில்லை.

மத்தியானம் தோட்டத்துத் தலைவர் ஜோன் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்.

"யோகராஜு, தோட்டம் ஜெயிச்ச மாதிரிதான்யா! கலாநிதி அஜந்தன் வந்தாரு. கூடவே பணியகத்து அதிகாரி மாத்தயா. 'இங்க வாசிக்கிறவங்க இருக்காங்களா'ன்னு கேட்டாங்க. இருக்காங்களாவா? முத்துவீரன் செட்டைக் கூட்டியாந்து வரிசையா நிப்பாட்டிட்டேன்."

யோகராஜுக்கு மிச்சத் தூக்கமும் போனது. "முத்துவீரன் தப்பு மேளம் வாசிக்கிறவன்ல?"

"பின்ன? வாசிக்கிறவன்னா வேற யாரு?"

"அவங்க பொஸ்தகம் வாசிக்கிறவங்களைக் கேட்டிருக்காங்கய்யா!"

"பொஸ்தகம்னா படிக்கிறது. மேளம்னா வாசிக்கிறது. எனக்கே தமிழ் சொல்லிக் குடுக்காதீங்க."

தோட்டத்துத் தமிழில் ஜோன் சொன்னது முழுக்கச் சரி. கோளாறே அங்கேதான்.

"கலாநிதிக்குக் கண்ணு தெரியாதா? மேளத்தைப் பாக்கலையா?"

"பாத்தாரே. தனக்கு வரவேற்புன்னு நெனச்சிட்டாரு. கும்பிட்டு, 'போதும், போதும்'னாரு. நாங்க விடுவமா? எல்லா அடியும் அடிச்சுக் காட்டினோம். சத்தத்துக்கு நடுவுலயே கேள்வி கேட்டாரு, நானும் பதில் சொன்னேன். 'நல்லா வாசிப்பாங்களா?' 'முத்துவீரன் வாசிச்சா பொணம் எந்திரிச்சு உக்காரும் சேர்.' 'எத்தனை காலமா?' 'இவன் அப்பன், பாட்டன், பூட்டன் எல்லாருமே வாசிச்சவங்க.' 'எந்தப் பாடசாலையில கத்துக்கிட்டாங்க?' 'பாடசாலைப் பக்கமே போகல சேர்.' மனுசன் கண்ணு கலங்கிட்டாருய்யா. படபடன்னு எழுதிக்கிட்டாரு."

கேள்வியில் பாதி ஜோன் காதில் விழவில்லை. பதிலில் பாதி கலாநிதி காதில் விழவில்லை. இரண்டு பாதியையும் சேர்த்தால் ஒரு முழு ஆய்வு வரும் என்பது கணிதப்படி மறுக்க முடியாதது.

"என்னையப் பத்தி?" என்றார் யோகராஜ், குரல் இறங்கி.

"கேட்டாரே! பூட்டின கதவைக் காட்டி, 'இவர் வாசிப்பாரா'ன்னாரு. 'அவரை விடுங்க சேர், ராவெல்லாம் முழிச்சுப் பகல்ல தூங்குற மனுசன். அவருக்குத் தாளமே வராது'ன்னு சொல்லிட்டேன். பொய் சொல்லப்படாதுல்ல?"

பணியகத்துக்கு எழுதலாம் என்று யோகராஜ் உட்கார்ந்தார். எழுதவும் எழுதினார். "தங்கள் முறைப்பாடு கிடைக்கப்பெற்றது, தாங்கள் வாசகரல்லாதவர் என ஆய்வில் நிரூபிக்கப்பட்டிருப்பதால், வாசிப்பு தொடர்பில் தங்களது கருத்தைக் கவனத்திற்கொள்ள ஏற்பாடில்லை" என்று மூன்று மொழிகளில் பதில் வந்தது. பதிலை வாசித்து விளங்கிக்கொண்டதற்கு அவருக்குப் புள்ளி எதுவும் கிடைக்கவில்லை.

புத்தகம் வந்தது. *கூட்டு வாசிப்பு: அரசியல், வரலாறு, உளவியல்*. தடித்த அட்டை, அட்டையில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பிள்ளை மரத்தடியில் வாசித்துக்கொண்டிருந்தது. யோகராஜ் ஸ்டோர் விளக்கடியில் முன்னுரையைத் தாண்டிப் போனார். அவருடைய வாழ்க்கையில் அது அபூர்வம்.

வரலாற்று அத்தியாயம் சொன்னது: "இம்மக்கள் காகிதத்தை நம்பாதவர்கள். இவர்களின் பிரதிகள் இன்றும் மாட்டுத்தோலிலேயே உள்ளன. வாசிக்கும் முன் பிரதியை வைக்கோல் நெருப்பில் காட்டிச் சூடேற்றுகின்றனர். உலகெங்கும் அதிகாரம் நூல்களை எரித்த வரலாற்றுக்கு, எரியவிடாமல் காய்ச்சும் இம்மரபு ஒரு மாற்றுக் கதையாடலாகும்."

அரசியல் அத்தியாயம்: "வாசகருக்குச் சமூகமே சன்மானம் வழங்குகிறது. பெரும்பாலும் போத்தலில்."

உளவியல் அத்தியாயம்: "வாசிப்பைக் கேட்போர் அழுகின்றனர், ஆடுகின்றனர், சிலருக்கு அருள் வருகிறது. கொழும்பின் எந்த நூல் வெளியீட்டிலும் இந்த விளைவு இதுவரை பதிவாகவில்லை."

அதற்கு அடுத்த பக்கத்தில் அவரே இருந்தார். "வாசிப்பு இவ்வளவு செழித்த சூழலிலும் விதிவிலக்காக ஒருவர் உள்ளார். பகலில் உறங்குபவர். அவருக்குத் தாளே வருவதில்லை என அயலவர் தெரிவித்தனர். ஒரு பத்திரிகைகூட எட்டிப் பார்க்காத அந்த மூடிய கதவு, வாசிப்பின்மையின் துயரப் படிமமாகும்."

யோகராஜ் புத்தகத்தை மூடினார். அதற்குமேல் ஓடவில்லை.

தீர்மானம் எடுத்தார். வெளியீட்டு விழா தோட்டத்திலேயே நடக்கிறது. 'வாசகர் உரை' என்று ஒன்று இருக்கிறது. முத்துவீரனைப் பேசக் கேட்டதற்கு, "எனக்கு வாசிக்கத்தான் தெரியும் மாத்தயா, பேச யோகராஜு அண்ணனைக் கூப்பிடுங்க" என்று அவன் சொல்லிவிட்டதால் அந்த இடம் இவருக்கு விழுந்திருந்தது. மேடையில் ஏறி உண்மையைப் போட்டு உடைப்பது. உடைந்த இடத்தில் பொறுப்பாளராக முளைப்பது.

விழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் முத்துவீரன் வந்தான். கையில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"அண்ணே, இது மேடைக்குப் போட்டா நல்லாருக்குமா?"

"முத்துவீரா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தாளு உங்களைத் தப்பா எடுத்துக்கிட்டாருப்பா."

"தப்பத்தானேண்ணே எடுத்துக்கிட்டாரு? எடுக்கட்டுமே."

"வெளையாடாத. நீங்க பொஸ்தகம் வாசிக்கிறவங்கன்னு எழுதி வெச்சிருக்காரு."

"தெரியும்ணே." முத்துவீரன் சட்டையை மடிமேல் வைத்து நீவினான். "ஜோன் தலைவரு பொண்ணு படிச்சுச் சொல்லிருச்சு. விழுந்து விழுந்து சிரிச்சோம். ஆனா மேடையில எனக்கு நாற்காலி போடுறாங்களாம்ணே. தொரை வந்தாலும் மந்திரி வந்தாலும் எங்கப்பன் வாசல்ல நின்னுதான் வாசிச்சாரு. சோறும் எல்லாரும் தின்ன பொறவு, பின்பக்கமா. நானும் அப்படித்தான். ஒருநாளைக்கு உக்காந்து பாப்பமேன்னு இருக்கு. பொறவு தெரிஞ்சு எறக்கி விட்டா எறங்கிக்கிடுவோம்."

சட்டை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார் யோகராஜ்.

மறுநாள் காலையில் தோட்டத்துப் பாடசாலை மண்டபம் நிறைந்துவிட்டது. பணியகத்து உதவிப் பணிப்பாளர், கலாநிதி அஜந்தன், ஜோன் தலைவர், அவர்களுக்கு நடுவே முத்துவீரன். நாற்காலி சுடுகிறதோ என்பதுபோல் அதன் விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் ஒரு பொன்னாடை. கொழும்பிலிருந்து வந்த கூட்டம் தங்கள் பிரதிகளை மெழுகுவர்த்தியில் காட்டிச் சூடாக்கிக்கொண்டிருந்தது. புத்தகம் வெளிவந்த கையோடு அங்கே அது நாகரிகமாகிவிட்டதாம். ஒரு பேராசிரியர் கொஞ்சம் அதிகமாகச் சூடாக்கிவிட்டதால் அவருடைய மூன்றாம் அத்தியாயத்தை மிதித்து அணைக்க வேண்டியிருந்தது.

"அடுத்து, வாச்சர் உரை!" என்றார் அறிவிப்பாளர். அச்சடித்திருந்தது வாசகர் என்றுதான். ஆளைப் பார்த்ததும் அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

யோகராஜ் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்தப் புத்தகத்தில் ஒரு பெரிய பிழை இருக்கிறது."

மண்டபம் அடங்கியது. கலாநிதியின் முகம் வெளிறியது. முத்துவீரன் மெதுவாக, ஒருவரும் சொல்லாமலே, நாற்காலியிலிருந்து அரைவாசி எழும்பினான்.

அந்த அரைவாசியைப் பார்த்துவிட்டார் யோகராஜ். தொண்டையில் இருந்த உண்மை அங்கேயே நின்றது. ஒலிவாங்கிக்கோ ஏதாவது கொடுத்தாக வேண்டும். வாய்க்கு வந்ததைக் கொடுத்தார்.

"அடிக்குறிப்புகள் போதாது!" என்றார். "பிரதி என்றால் எழுத்துத்தான் என்று யார் சொன்னது? தோலும் பிரதிதான்! அடியும் குறிப்புத்தான்! ஆகவே அடியே குறிப்பாகும்போது, அதுவே அடிக்குறிப்பு!"

கலாநிதி துள்ளியெழுந்து கைதட்டினார். கூட்டமும் தட்டியது. இத்தனை வருடம் ஸ்டோரில் பூட்டிக்கிடந்த சொற்கள் அவ்வளவும் கதவு திறந்த மாடுகளைப்போல வெளியே ஓடின. நனவிலி ஓடியது, சொல்லாடல் ஓடியது, விளிம்பு, மையத்தை முட்டித் தள்ளிவிட்டு ஓடியது. முத்துவீரனை இறங்கவிடாமல் தொடங்கிய பேச்சு, ஐந்தாம் நிமிடத்துக்குமேல் முத்துவீரனை மறந்துவிட்டது. கைதட்டலின் ருசி அப்படி. கடைசியில், தோலைத் தட்டாதவன் வாசகனே அல்லன், கண்ணால் பார்த்துப் பக்கம் புரட்டுகிறவன் வெறும் காகிதக் காவல்காரன் என்று அசைக்க முடியாத ஆதாரங்களோடு நிறுவிவிட்டுத்தான் இறங்கினார். இறங்கும்போதுதான் தான் நிறுவியது என்ன என்று அவருக்கு மெல்ல உறைத்தது.

உதவிப் பணிப்பாளர் எழுந்தார். "வாச்சர் ஐயா மிகத் தெளிவாக விளக்கினார். அவரது விளக்கத்தின் பிரகாரமே, வாசிகசாலைப் பொறுப்பாளராகப் பரம்பரை வாசகர் முத்துவீரன் இத்தால் நியமிக்கப்படுகிறார். மேலும், பெறுமதியான தோல் பிரதிகள் அங்கே வைக்கப்பட இருப்பதால், இரவில் ஒரு காவலாளி அவசியம். காகிதக் காவல் என்னும் கருத்தாக்கத்தையே உருவாக்கித் தந்த யோகராஜ் அவர்களைவிடப் பொருத்தமான ஒருவர்..."

கைதட்டலில் மிச்சம் கேட்கவில்லை.

விழா முடிந்து லயத்து வீட்டுக்கு நடக்கும்போது முத்துவீரன் பொன்னாடையோடு கூடவே வந்தான். நாள் முழுக்க உட்கார்ந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது என்றான்.

"அண்ணே, வாசிகசாலைக்கு நீங்க பகல்லயும் வாங்க. நாற்காலி போட்டு வைக்கிறேன். ஒண்ணு கேக்கணும். அந்தப் பொஸ்தகம் கடைசியில எப்படித்தான் முடியுது?"

"தெரியாதுப்பா. என்னையப் பத்தி எழுதின பக்கத்தோட நிப்பாட்டிட்டேன்."

"ஜோன் தலைவரும் அதையேதான் சொல்றாரு. அவரு பேரு வர்ற பக்கம் மட்டும்தானாம். பணியகத்து மாத்தயா அவரு போட்டோவத் தாண்டலையாம். கொழும்பு ஆளுங்க நன்றி சொல்ற பக்கத்துல தங்க பேரத் தேடிட்டு மூடிட்டாங்களாம்."

"எழுதின கலாநிதியாவது முழுசாப் படிச்சிருப்பாரு."

"அவரையும் கேட்டேண்ணே. 'அட்டையில என் பேரு சரியாத்தான் விழுந்திருக்கு, உள்ளாரையும் சரியாத்தான் இருக்கும்'னாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். முத்துவீரன் சிரித்து முடித்த பிறகும் யோகராஜ் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். அது நல்ல சிரிப்பாக இல்லை.

வீட்டு வாசலில் தவமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வேலை கெடச்சுதா?"

"கெடச்சுது."

"பகலா, ராவா?"

யோகராஜ் குனிந்து செருப்பைக் கழற்றினார். தவமணி வானத்தைப் பார்த்தார். "மழை வரப்போகுது," என்றார்.

காலையில் விழாவுக்கு ஏற்றிப்போகப் பணியகத்து வேன் வந்து அவசரப்படுத்தியதால் பாதி பிளந்தபடி விட்டுப்போன இறப்பர் விறகு, வாசலோரத்தில் அப்படியே கிடந்தது. யோகராஜ் விழாச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். ஒரு கட்டையை நிமிர்த்தி வைத்து, கோடரியை எடுத்தார்.