பதினோராவது பாத்திரம்

மனநிறைவு விலைமதிப்பற்றது. அதன் விலை நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, வரி தனி. மூன்று நாள் முகாம், ஒரு மேலங்கி, ஒரு சான்றிதழ், ஒரு 'நிறைவுக் குறிப்பேடு' எல்லாம் அதில் அடக்கம். ஆணிக்கடை முதலாளி பேரம் பேசி நாலாயிரத்துக்கு முடித்தார். பாதி நிறைவு அங்கேயே கிடைத்துவிட்டது.

"பாத்திரம் விளக்குவது வேலையல்ல, தியானம்" என்பது முகாமின் உபதேசம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கை காய்வதற்குள், முதலாளி தமது கொள்கை முடிவை மனைவியிடம் அறிவித்தார்.

"இனிமே மதியம் பத்துப் பாத்திரம் தேய்க்கிறது என் பொறுப்பு."

மனைவிக்குக் கண் கலங்கியது. மூன்று மணிக்கு அவளுக்குக் கார் ஓட்டும் வகுப்பு. தொட்டியில் கிடந்த பாத்திரங்களால் ஏற்கெனவே இரண்டு வகுப்பு போயாயிற்று. இன்றும் வராவிட்டால் பேரை அடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

முதலாளி மேலங்கி தரித்தார். கண்ணை மூடித் திறந்தார். ஏழு கரண்டி, இரண்டு டம்ளர், ஒரு தட்டு. உடம்பெல்லாம் சிலிர்க்கக் கையைத் துடைத்துக்கொண்டார்.

செருப்பு மாட்டப் போனவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இதெல்லாம்?"

"பேசினது பத்து. எண்ணிக்கோ."

"கரண்டியெல்லாம் பாத்திரக் கணக்கா?"

"சின்ன ஆணின்னா ஆணி இல்லையா?"

"குக்கரு?"

"பதினொண்ணு. மூடியோட பன்னெண்டு."

"அட கடவுளே! அது எண்ணுற பத்து இல்லீங்க, ஒட்டுற பற்று! தின்னது ஒட்டிக்கிட்டு இருக்கே, அந்தப் பற்று! கடைப் புத்தகத்துல பற்று, வரவுன்னு தினம் எழுதுறீங்களே!"

முதலாளி திடுக்கிட்டார். ஆனாலும் பேசிய சரக்குக்கு மேல் ஒரு ஆணிகூடக் கொடுத்தறியாத பரம்பரை அது.

"இங்க பாரு, எனக்கு ஆசைதான். உன் பங்கு ஆனந்தத்தையும் நானே எடுத்துக்கிட்டா நியாயமா?"

மணி இரண்டே முக்கால். சந்தேகம் தீர, முகாம் குருவுக்கே போன் போட்டார்.

"ஐயா, பதினோராவது பாத்திரத்துல ஆனந்தம் உண்டா?"

"அது ரெண்டாம் நிலை முகாம். கட்டணம் தனி."

"உங்க வீட்டுல எப்படிங்க?"

"வீட்டுல சம்சாரம் பாத்துக்கிறா. முகாம் நடத்தவே எனக்கு நேரம் போதலையே!"

ஞானம் பெற்ற முதலாளி திரும்பிப் பார்த்தார். வாசலில் அவள் செருப்பைக் காணோம்.

அதனால் என்ன? குறிப்பேட்டை எடுத்து, "விளக்கியது: பத்து. நிறைவு: முழுமை" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனார்.

ஆறு மணிக்குப் பசித்து எழுந்தார். சமையலறையில் அடுப்பு எரியவில்லை. மூன்றாவது கியர் வரை போய் வந்திருந்த மனைவி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தொட்டியில் ஒரு மூடிகூட இடம் மாறவில்லை. குக்கர் மூடி மேல் குறிப்பேடு விரிந்து கிடந்தது. அவர் எழுதியதற்குக் கீழே அவள் கையெழுத்து:

"விளக்கியது: பத்து.
விளக்கம் சொன்னது: கால் மணி நேரம்.
பாத்திரத்தில் பற்று: பதின்மூன்று. பத்தொன்பது வருஷத்துப் பழைய பாக்கி இதில் சேராது.
ராத்திரிச் சாப்பாடு: பாத்திரம் வந்ததும்.
முதலாளிக்கு வீட்டின் மேல் உள்ள பற்று: கரண்டி ஏழு, டம்ளர் இரண்டு, தட்டு ஒன்று."