டிகிரி வால்

மாதிரி விமானம் விக்கல் வந்ததுபோல் எம்பி எம்பித் தாழ்ந்து, மைதானத்து மண்ணில் மூக்கைக் குத்தியது.

"வால் யார் கணக்கு?" என்றார் முதலாளி, வாங்க வந்தவரின் காதில் விழும்படி.

தெரியாதாக்கும்! அவர் வரைந்தது 'சார் இறக்கை'. இறக்கையிலிருந்து பின்னால் நீளும் இரண்டு தண்டுகளுக்கு நடுவில் பாலம்போல் கிடக்கும் வால், அவரிடம் வேலை பார்க்கும் அவள் வரைந்தது. அது 'டிகிரி வால்'. வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்று தெரிந்த அன்றே அவர் அவளுக்கு வைத்த பெயர் 'டிகிரி'. சார் இறக்கையில் அவள் ஒரு பிழையைக் காட்டிய பிறகு அந்தப் பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வார்.

"என் கணக்குதான் சார். சரியாத்தான் இருக்கு."

"கணக்கு சரி, பறக்கத்தான் மாட்டேங்குது! மூக்குல ஈயம் வைங்கப்பா."

வைத்தார்கள். விமானம் எழவே இல்லை. மைதானத்தை உழுதுகொண்டே போனது.

"ஈயத்தை எடுத்துட்டு, நீளத் தண்டை மாட்டுங்க."

"சார், அது வளையும்..."

"வாயை மூடு, டிகிரி."

மாட்டினார்கள். வால் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் வெடவெடவென்று நடுங்க, விமானம் புரண்டு, நேரே முதலாளியின் கார் மேல் இறங்கியது.

வாங்க வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலாளி ஒரு தாளை நீட்டினார். "'தப்பு என் கணக்குல'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நாளையிலேர்ந்து வராதே."

அவளுக்குக் காது மடல்வரை கொதித்தது. கைநாட்டு வைத்தே காலம் தள்ளிய அப்பா, மகளின் கையெழுத்தைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டித் திரிந்தவர். அந்தக் கையெழுத்தை இதற்கா போடுவது?

தாளைக் கசக்கி எறிந்தாள். பையிலிருந்து அளவுகோலை எடுத்து உடைந்த வாலின் மேல் வைத்தாள். நீளம் சரி. அதனால்தான் தண்டுகளுக்கு நடுவில் கச்சிதமாக உட்கார்ந்து எல்லார் கண்ணையும் ஏமாற்றியிருக்கிறது. முன்பின் அகலம்? வரைபடத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டர். இங்கே எட்டு.

"எவன் இதை வெட்டினது?" அவள் போட்ட சத்தத்தில் மைதானமே திரும்பியது. "என் வால்ல மூணுல ஒரு பங்கைக் காணோம்!"

பலகை அறுக்கும் அண்ணன் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார்.

"நான்தாம்மா. அன்னிக்கு சார் போன்ல கத்திட்டிருந்தாரே, 'அந்த டிகிரி வாலை ஒட்ட நறுக்கணும்'னு. ஒட்ட நறுக்கினா பறக்காதேன்னு, நானா பார்த்துக் கொஞ்சமாத்தாம்மா நறுக்கினேன்."