விவாகரத்துக்குத் தகுதி இல்லை

“அம்மா, உங்களுக்கு விவாகரத்து கிடைக்காது,” என்றார் வக்கீல்.

தையல்காரி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷம் பொறுத்தவள். மிக்சி, மின்விசிறி, சுவர்க்கடிகாரம் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் கழற்றிப் பரப்பிவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் விழிக்கிற கணவர், போன வாரம் அவளுடைய தையல் மெஷினிலும் கைவைத்துவிட்டார். பதினோரு பள்ளிச் சீருடைகள் கையில்லாமல் கிடந்தன.

“ஏன் சார் கிடைக்காது?”

“நீங்க அவர் பொண்டாட்டியே இல்லையேம்மா! பதிவு அலுவலகத்துல தேடினேன். பதினஞ்சு வருஷம் முன்னாடியே ஒரு பஸ் டிரைவரம்மாவைக் கட்டியிருக்கார். அதை ரத்து பண்ணவே இல்ல. ஒரு கல்யாணம் இருக்கும்போது இன்னொன்னு பண்ணினா, ரெண்டாவது செல்லாது.”

கோபம்தான் வந்திருக்க வேண்டும். தையல்காரிக்கோ வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

“அப்ப இன்னைக்கே பெட்டியைக் கட்டிடலாமா?”

“தாராளமா. ஆனா அந்த மூத்த சம்சாரம் புகார் கொடுத்தா, அவர் சில வருஷம் உள்ள இருக்கணும்.”

“ஜெயிலா! ஐயோ, அந்த மனுஷன் பூட்டைக் கழட்டிடுவாரே!”

“தப்பிச்சுடுவாருங்கறீங்களா?”

“அவராவது தப்பிக்கிறதாவது! திரும்ப மாட்டத் தெரியாம அங்கேயே உக்காந்திருப்பாரு.”

வீட்டில் கணவர் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, முன்னாடியே ஒருத்தியைக் கட்டினதை ஏன் சொல்லல?”

“மூணே மாசம்தான். அவளே போயிட்டா. தானா முடிஞ்சிருக்கும்னு நினைச்சேன்.”

“தானா தீந்துபோக அது என்ன பேட்டரியா?”

விட்டுத் தொலைக்க ஆசைதான். ஆனால் அவரைக் கம்பிக்குப் பின்னால் பார்க்க மனம் வரவில்லை. மூத்தவளிடம் ‘எனக்குப் புகார் இல்லை’ என்று ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் இருவருக்கும் விடுதலை. பஸ் டிப்போவுக்கே போய் அவளைக் கையோடு அழைத்து வந்தாள்.

பஸ் டிரைவரம்மா சீருடையோடு வக்கீல் அறைக்குள் நுழைந்தாள். பின்னால் அவளுடைய சாப்பாட்டுப் பையைச் சுமந்துகொண்டு ஒல்லியான ஒருவர்.

“அக்கா, இதுல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா இவரும் பிழைப்பாரு, நானும் பிழைப்பேன்.”

படிக்கப் படிக்க டிரைவரம்மாவின் முகம் சிவந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த கணவர் பக்கம் திரும்பினாள். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இன்னொருத்தியைக் கட்டினியா?”

“நீதானே விட்டுட்டுப் போன?” என்றார் கணவர்.

“போன பஸ் திரும்பி வராதா? ஸ்டாப்ல நிக்க வேண்டியதுதானே! சார், இதைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புகாரை எழுதுங்க. ஒரு கல்யாணம் இருக்கும்போது இன்னொன்னு பண்றவங்களைச் சும்மா விடக்கூடாது!”

“வேண்டாம்க்கா!” தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் பயத்தில் வக்கீலின் பேனாவைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

ஒல்லியானவர் பையைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

“புகார் கொடுத்தா முதல்ல உன்னைத்தாம்மா உள்ள வைப்பாங்க, நம்ம கல்யாணம் பதிவாகி இருபது வருஷம் ஆச்சு, ஒரு நாளும் ரத்தாகல,” என்றவர், தையல்காரியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். “அதனால இவங்க ரெண்டு பேர் கல்யாணம்தான் செல்லாது தங்கச்சி, வாழ்த்துகள், இவருக்கு ஒரே பொண்டாட்டி நீதான்!”