சில சிறு திருத்தங்களும் ஒரு மீன் குழம்பும்

செயலி எழுதுகிறவர்கள் ஒவ்வொரு புதிய பதிப்போடும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். இந்தப் பதிப்பில் என்ன மாறியிருக்கிறது, முன்னைப்போல் இனி எது நடக்காது என்பதையெல்லாம் அதில் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். அதை ஒருவரும் வாசிப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. (முகம் கழுவியாச்சோ என்று கேட்டால் படுக்கையில் கிடந்தபடியே ‘ஓம்’ என்போமே, அந்த அளவு மனச்சாட்சியோடுதான் நாங்களும் எழுதுவோம்.) நானும் அப்படித்தான் நம்பி, ஒருமுறை இரண்டு வரி எழுதினேன். அந்த இரண்டு வரியால், என் அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசத்தன்று எங்கள் வீட்டு அடுப்பில் மீன் குழம்பு கொதித்தது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரம், ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பனி இருந்தது. கம்பனி என்றால் ஐந்து பேர், ஐந்து கணினி, பஸ் போகும்போதெல்லாம் அதிரும் ஒரு யன்னல். நாங்கள் செய்த பஞ்சாங்கச் செயலியில் இறந்தவரின் பெயரையும் திதியையும் ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். அடுத்த வருடம் அந்தத் திதி எந்த நாளில் வருகிறது என்று அது சொல்லிவிடும். அப்பா போனபிறகு அம்மாவின் போனில் அதைப் போட்டுக் கொடுத்தேன். “இனி நாள் பாக்க ஒருத்தரையும் கேட்கத் தேவையில்லை அம்மா” என்று பெருமையும் அடித்தேன்.

யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இரண்டு: வாக்கியம், திருக்கணிதம். கணக்கு வேறு என்பதால் சில திதிகள் இரண்டுக்கும் ஒரு நாள் இடிக்கும். எங்கள் வீட்டில் எப்போதும் வாக்கியம்தான். எங்கள் செயலியும் வாக்கியப்படிதான் நாள் காட்டியது. நான்தான் புத்திசாலி ஆயிற்றே! கணிக்கும் பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தேன். படுவேகம். ஆனால் அது தானாகத் திருக்கணிதத்தைத்தான் எடுக்கும். பழையபடி வாக்கியம் வேண்டுமென்றால் அமைப்புகளுக்குள் போய் மாற்ற வேண்டும்.

வெளியிடுமுன் சோதித்துப் பார்ப்பவர் டிலானி அக்கா. குருநகர்க்காரர், கத்தோலிக்க வேதக்காரர். வாக்கியமும் தெரியாது, திருக்கணிதமும் தெரியாது. ஆனால் பிழை எங்கே ஒளித்திருந்தாலும் பிடித்துவிடுவார்.

“டேய், பழசிலை ஒரு நாள் காட்டுது, புதுசிலை வேற நாள் காட்டுது. உதைக் குறிப்பிலை எழுதினனீயோ?”

“உள்ளுக்குப் போய் மாத்தலாம் அக்கா. தெரிஞ்சவை மாத்துவினம்.”

“மாறினது தெரிஞ்சால்தானேடா மாத்துறது! எங்கடை கோயிலிலை பூசை நேரம் அரை மணித்தியாலம் மாறினாலே பாதர் மூண்டு ஞாயிறு சொல்லுவார். நீ ஒரு வரி எழுத மாட்டியோ?”

“ஆரக்கா உதை வாசிக்கிறது?”

கேட்டுவிட்டு எழுதினேன்: ‘சில சிறு திருத்தங்கள் செய்யப்பட்டுள்ளன. வேகம் கூட்டப்பட்டுள்ளது.’ பெற்ற தகப்பனின் திதியை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு அதற்கு வேகம் என்று பெயர் வைத்தவன் இந்தக் குடாநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எத்தனையோ திதிகளைக் கொடுத்துச் சோதித்தேன். அப்பாவின் திதியை மட்டும் கொடுத்துப் பார்க்கவில்லை. அந்தப் பெயரைத் தட்டி எழுத அப்போது எனக்கு மனம் வரவில்லை.

செயலி வெள்ளிக்கிழமை என்றது. அம்மா ஐயருக்குப் போன் எடுத்து, “மகன் செய்த கொம்பியூட்டர் கணக்கு ஐயா, வெள்ளிக்கிழமை” என்றார். அவரும் மறுபேச்சில்லாமல் கொப்பியில் குறித்துக்கொண்டார். நான் இரண்டு நாள் லீவு போட்டேன். வியாழன் காலை மீன்காரர் மணி அடித்துக்கொண்டு போக, நல்ல விளைமீனாகப் பார்த்து வாங்கிவிட்டேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. “நாளைக்குத் திவசம் செய்யப்போறவன் இண்டைக்கு மச்சம் தின்னலாமோ? விசரே உனக்கு?”

“மத்தியானம் மட்டும் அம்மா. பின்னேரம் நானே வீடு கழுவிவிடுறன்.”

அப்பா செத்த நாளிலிருந்து அம்மா மீனை வாயில் வைத்ததில்லை. எனக்காகத்தான் அன்று சமைத்தார். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பதினொரு மணிக்குப் படலையடியில் ஓட்டோ வந்து நின்றது. மாமி இறங்கினார். அப்பாவின் ஒரே தங்கச்சி, சுன்னாகத்தில் இருக்கிறவர். அவருக்கு ஒருவரும் நாள் சொல்வதில்லை, தமையனின் நாள் அவருக்குத் தெரியாதா என்ன? தோய்ந்த தலையும் வெளிர்நிறச் சேலையுமாக, இரண்டு கையிலும் பை. அப்பாவுக்குப் பிடித்த கத்தரிக்காய், பூசணி, கதலிப்பழம். வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

“என்னடா மணக்குது?”

“மீன், மாமி.”

“ஆரின்ரை வீட்டிலை?”

“எங்கடை வீட்டிலைதான்.” (வந்தவரை வரவேற்கிற முறை அப்படி.)

“ஐயோ! அண்ணையின்ரை திவசத்திலை இந்த வீட்டிலை மீனோ?”

“திவசம் நாளைக்கு மாமி. போனிலை இருக்கு.”

“நான் கலண்டரிலை மூண்டு தரம் பார்த்தனான். இண்டைக்குத்தான்.”

அந்த இடத்தில் வாயைப் பொத்தியிருக்கலாம். பொத்தவில்லை. “திருக்கணிதப்படி நாளைக்குத்தான் மாமி. விஞ்ஞானப்படி பார்த்தால் அதுதான் கூடச் சரி” என்றேன்.

“உன்ரை அப்பரைக் கேட்டோடா திருக்கணிதத்துக்கு மாத்தினனீ?”

எங்கள் வீட்டுக்கு வாக்கியம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனை எடுத்து, அமைப்புகளுக்குள் போய், வாக்கியம் என்பதை அழுத்தினேன். கண் மூடித் திறப்பதற்குள் அப்பாவின் பெயர் வந்து, அதன் கீழே ‘இன்று’ என்று காட்டியது. (வேகம் உண்மையிலேயே கூடித்தான் இருந்தது.)

அம்மா அகப்பையோடு வெளியே வந்தார். போனை நீட்டினேன். வாசித்தார். உள்ளே போய் அடுப்பை நிறுத்தினார். சட்டியோடு குழம்பைக் கொண்டுபோய் வேலியோரம் கொட்டிவிட்டு, கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினார். நானும் மாமியும் குசினியைக் கழுவினோம். எவ்வளவு மஞ்சள் தண்ணீர் தெளித்தும் அந்த மணம் போகவில்லை.

ஐயருக்குப் போன் எடுத்தேன். அவர் மானிப்பாயில் வேறொரு திவசத்தில் இருந்தார். “திருக்கணிதம் பாக்கிற ஆக்களும் இருக்கினம்தானே தம்பி. நாளைக்குச் செய்வம், பிழையில்லை” என்றார். நல்ல மனுஷன். அம்மாவிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

புதுச் சட்டியில் சோறும் மரக்கறியும் ஆகிப் படைக்கும்போது மூன்று மணி. “பன்னிரண்டரைக்குச் சோத்துக் கோப்பை வைக்காட்டில் அண்ணை வீட்டை ரண்டாக்கிப்போடுவார்” என்று சொல்லி மாமி சிரிக்கப் பார்த்தார். பாதியில் அழுகை வந்துவிட்டது.

மாமி போனபிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். ஏசினால் நல்லது போலிருந்தது. அம்மா ஏசவில்லை.

“முதல் அதிலை வியாழன் எண்டுதான் காட்டினது தம்பி. பிறகு பார்த்தால் வெள்ளி எண்டு கிடக்கு. நீ எழுதி விடுற குறிப்பை எடுத்து ரண்டு தரம் வாசிச்சுப் பார்த்தன்.”

“குறிப்பையோ? நீங்கள் அதை வாசிக்கிறனீங்களோ?”

“நீ எழுதுறதெல்லே. முதலிலை இருந்து எல்லாம் வாசிக்கிறனான். அதிலை நாள் மாறினது எண்டு ஒண்டும் இருக்கேல்லை. அதுதான், எனக்கு மறதி வந்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன். அவரின்ரை திவச நாளையே மறந்துபோனன் எண்டு நாலைஞ்சு நாள் நித்திரை இல்லை.”

நான் அழுதேன். இருபத்தாறு வயதில், மூக்கு ஒழுக, சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

மறுநாள் ஐயர் வந்து திவசம் முறைப்படி முடிந்தது. அதற்கடுத்த பதிப்பில் எது மாறியது, ஏன் மாறியது, பழையபடி ஆக்க எங்கே அழுத்த வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி, மன்னிப்பும் கேட்டேன். டிலானி அக்கா வாசித்துவிட்டு, “பாதரிட்டைச் சொல்லுற பாவசங்கீர்த்தனம் மாதிரி கிடக்கு, அப்பிடியே விடு” என்றார். வேறு எத்தனை வீடுகளில் யார் யாருடைய நாள் பிசகியதோ, எனக்குத் தெரியாது. நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

மாமி இப்போதும் படலையடியில் நின்று, “டேய், இண்டைக்கு எந்தப் பஞ்சாங்கம்? உள்ளுக்கு வரலாமோ, மீன் கொதிக்குதோ?” என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். கலியாண வீடுகளிலும் இந்தக் கதைதான் ஓடும். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார்.

இப்போதும் புதிய பதிப்பு வந்தவுடன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் எழுதியதை ஒரு வரி விடாமல் வாசிக்கிறார். “வடிவா விளங்குது தம்பி” என்கிறார். அப்பாவின் திவசம் வரும்போது மட்டும், கடையில் வாங்கிய கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி, நான் பார்க்காத நேரமாகப் பார்த்து, மாமிக்குப் போன் எடுத்து நாளைக் கேட்டுக்கொள்கிறார்.