எட்டும் சரி, ஏழும் சரி

உலகம் தோன்றிய நாள் தொட்டு மனித குலத்தை ஆட்டிப்படைத்த ‘ஒரே விடை’ என்னும் கொடுமைக்கு முடிவு கட்டிய பெருமை, எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தையே சேரும்.

தலைமையாசிரியை ஏதோ ஒரு பயிலரங்குக்குப் போய்வந்தார். வந்த கையோடு கூட்டம் போட்டார்.

“இனிமே நம்ம பிள்ளைங்க சுதந்திரமா சிந்திக்கணும். வியாழக்கிழமைக்குள்ள.”

பொறுப்பு கணக்கு டீச்சர் தலையில் விழுந்தது. பாவம், சேர்ந்த நாள் முதல் அவர் ‘தற்காலிகம்’. வியாழனன்று நிர்வாகக் குழு வகுப்பைப் பார்வையிடும். பிடித்துப்போனால் நிரந்தர உத்தரவு. இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். வீட்டில் மாமியார் வேறு, “என்னம்மா, இன்னும் உன்னை வெச்சிருக்காங்களா?” என்று தினமும் அன்போடு விசாரிப்பார்.

டீச்சர் பலகையில் எழுதினார்: 1, 2, 4, அடுத்து?

“ரெண்டு மடங்காவே போனா எட்டு. முதல்ல ஒண்ணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணுன்னு கூட்டினா ஏழு. ரெண்டுமே சரி!”

பிள்ளைகள் அத்தனை பேருக்கும் எட்டுதான் பிடித்திருந்தது. சுதந்திரம் இப்படி ஒரே பக்கமாகச் சாய்வதைத் தலைமையாசிரியை விரும்பவில்லை. ஆகவே ஜன்னலோர வரிசை எட்டு என்றும், சுவரோர வரிசை ஏழு என்றும் ‘சுயமாகச் சிந்திக்க’ப் பணிக்கப்பட்டன. கடைசி பெஞ்சுக்கு ஆச்சரியப்படும் வேலை. ஒத்திகையில் அவர்களுடைய “அட!” இழவு வீட்டுச் சத்தம்போல் வந்ததால், திரும்பத் திரும்ப ஆச்சரியப்பட வைத்தார்கள்.

“மிஸ், நான் ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்தா எட்டு சொல்லணுமா?” என்றான் சுவரோர வரிசைப் பையன் ஒருவன்.

“நீ மாறவே கூடாது.”

வியாழனும் வந்தது, குழுவும் வந்தது. எட்டு, ஏழு, “அட!” எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தன. குழு கைதட்டியது. அப்போது ஜன்னலோர வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வகுப்பின் வாயாடி.

“மிஸ், ஒண்ணுன்னும் சொல்லலாம்ல? ஒண்ணு, ரெண்டு, நாலு. மறுபடி ஒண்ணு, ரெண்டு, நாலு. எங்க வீட்டு ஜன்னல் துணியில பூ அப்படித்தான் வருது.”

டீச்சருக்கு உள்ளம் குளிர்ந்தது. என்ன அழகான விடை! பிறகு தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்தார். கை கால் எல்லாம் குளிர்ந்தது.

“இதுவும் சரிதானா?” என்றார் குழுத் தலைவர்.

தலைமையாசிரியை முந்திக்கொண்டார். “ஒண்ணுக்கு மேற்பட்ட விடைங்கிறதுதான் சார் நம்ம கொள்கை. அதான் ரெண்டு வந்தாச்சே!”

“டீச்சர் சொல்லட்டும்.”

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். “தப்புதான் சார்.”

“ஏன் மிஸ்?”

“உட்காரும்மா.”

வாயாடி உட்கார்ந்தாள். கடைசி பெஞ்சு, யாரும் சைகை காட்டாமலே, “அட!” என்றது. அதுதான் அன்றைய ஒரே அசல் ஆச்சரியம்.

மறுநாளே நிரந்தர உத்தரவு வந்தது. விசாரிக்க விஷயம் இல்லாமல் மாமியார் தவித்துப்போனார்.

மாதத் தேர்வில் அதே மாதிரி ஒரு கேள்வி: ‘3, 5, 9, அடுத்த எண்ணை உன் சொந்தச் சிந்தனையால் நிரப்புக.’ வாயாடி கட்டத்தைக் காலியாக விட்டு, கீழே எழுதியிருந்தாள்: ‘உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க மிஸ். அதையே சிந்திக்கிறேன்.’

விடைத்தாளை வாங்கிப் பார்த்த தலைமையாசிரியைக்கு முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா, பொண்ணு எப்படிப் பக்குவப்பட்டுட்டா! முழு மார்க் போடுங்க டீச்சர்.”

டீச்சர் போட்டார். சரியானதைத் தப்பு என்று சொல்லி நிரந்தரமானவருக்கு, தப்பைச் சரி என்று போடுவதா கஷ்டம்?