அலறும் பெட்டியும் மின்சாமியும்

அந்த மருந்துக் குளிர்கிடங்கில் மருந்தைவிட மின்சாமி என்ற சாமியாருக்குத்தான் கிராக்கி. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வந்தால் போதும், சுமை தூக்குகிறவர் முதல் கணக்கர் வரை வேலையைப் போட்டுவிட்டு மின்அறை வாசலில் கூடிவிடுவார்கள். உள்ளே, மின்சாரம் போனால் கைகொடுக்கும் ஆளுயர யுபிஎஸ் பெட்டி. அவர் காலடி பட்டதும் அது வீலென்று அலறும். அவர் சால்வைக்குள் கையை மறைத்து ஏதோ முணுமுணுப்பார். பெட்டி அடங்கும். கூட்டம் கைகூப்பிக் காணிக்கை வைக்கும். அவர் வராத நாளில் அது ஏன் அலறுவதில்லை என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பழி முழுவதும் பெட்டியைப் பராமரிக்கும் மின்பணிக்காரியின் தலையில் விழுந்தது. அலறுவது ஆவியாம்; அவள் கை ராசியில்லாததால்தான் அது பெட்டிக்குள் புகுந்ததாம். இன்னொரு வெள்ளி பெட்டி அலறினால் வேலையை விட்டுப் போய்விட வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

வியாழன் மதியம் கணினி முன் உட்கார்ந்தாள். பெட்டிக்குள் ஒரு நெட்வொர்க் கார்டு உண்டு. தூரத்திலிருந்து பெட்டியோடு பேச அதுதான் வழி. அதில் டெல்நெட் என்ற பழைய வாசல் ஆவென்று திறந்து கிடந்தது. பாஸ்வேர்டும் தொழிற்சாலையில் எல்லாப் பெட்டிக்கும் பொதுவாகப் போட்டது. அதை மாற்றினால் பெட்டி அநாதையாகிவிடும் என்று மின்சாமி அருள்வாக்குச் சொல்ல, மேலாளரும் தலையாட்டியிருந்தார். கார்டின் பதிவைப் புரட்டினாள். வெள்ளிதோறும் பத்து மணிக்கு மேல் யாரோ டெல்நெட்டில் நுழைந்து, அலாரத்தைச் சோதிக்கும் கட்டளையைக் கொடுத்திருந்தார்கள்.

அவள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. டெல்நெட்டை மூடி, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான வாசலை மட்டும் திறந்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். தப்பான பாஸ்வேர்டோடு எவர் தட்டினாலும் மேலாளரின் கைபேசிக்குச் செய்தி போகும்படி அமைத்தாள்.

வெள்ளிக்கிழமை மின்சாமி வந்தார். பெட்டி கம்மென்று இருந்தது. அவர் முணுமுணுத்தார். சால்வை ஆடியது, நெற்றி வியர்த்தது, பெட்டி மட்டும் அசரவில்லை. மேலாளரின் கைபேசிதான் மூன்று முறை சிணுங்கியது.

"சாமி, அந்தக் கையைக் கொஞ்சம் வெளியே காட்டுங்க," என்றாள் அவள்.

"அருள் இறங்குற நேரம்மா, தொந்தரவு பண்ணாதே."

சுமை தூக்குகிறவர் பொறுமையிழந்து சால்வையை இழுத்தார். கையில் கைபேசி, திரையில் பழைய பாஸ்வேர்டு. சாமியாராவதற்கு முன் ஐயா இதே மாதிரிப் பெட்டிகளைப் பழுது பார்த்தவராம். வந்த வேகத்தைவிட வேகமாகப் போனார்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "அப்போ ஆவியே இல்லையாம்மா?"

"வாசலைத் திறந்து வச்சு, சாவியையும் கொடுத்தா யாரு வேணா ஆவி ஆகலாம் சார்."

அவள் வேலை தப்பியது. ஆனால் சாயங்காலம் கணக்கர் மெல்ல வந்து, புதுப் பாஸ்வேர்டுக்கு ராசியான எண் எது என்று விசாரித்தார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பெட்டிக்குப் போட்டாச்சு அண்ணே. முதல்ல உங்க தலைக்கு ஒண்ணு போடுங்க. கண்டவன் எல்லாம் உள்ளே வந்துட்டுப் போறான்."