நுண்ணோக்கியின் திக்விஜயம்

அறிவியலுக்குத் தம்மை அர்ப்பணித்தவர்கள் உலகில் பலர் உண்டு. அறிவியலையே தமக்கு அர்ப்பணிக்க வைத்தவர் ஒருவர்தான். கடலில் தொடங்கி ரயில் பாதையில் முடியும் நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் 'அறிவியல் செம்மல்' கண்ணாயிரம் அவர்களே அந்த ஒருவர். பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் வழங்கவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு வேலை அதிகம் என்பதை உணர்ந்து, அவரே ஃபிளெக்ஸில் அடித்துப் போட்டுக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவரின் சாதனைகளை எழுதும் பாக்கியம் வெள்ளமேட்டுக் குப்பம் அரசு மேல்நிலைப் பள்ளியின் தாவரவியல் ஆசிரியை ரெபேக்காளுக்கு வாய்த்தது. அவள் விரும்பித் தேடிய பாக்கியம் அல்ல. அவளுடைய மைக்ராஸ்கோப் எம்.எல்.ஏ.விடம் மாட்டிக்கொண்டிருந்தது.

அது மாட்டிய வரலாறு இது. ஆகஸ்ட் மாதம் அவளுடைய பள்ளியில் 'நவீன அறிவியல் ஆய்வகம்' திறக்க எம்.எல்.ஏ. வந்தார். ஆய்வகம் என்பது உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறை. பெஞ்சுகளை வெளியே எடுத்து, சுண்ணாம்பு அடித்து, கல்வெட்டுப் பதித்திருந்தார்கள். ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலைக் கையில் வாங்கிய பிறகுதான், உள்ளே கல்வெட்டைத் தவிர ஒன்றும் இல்லை என்பது தெரியவந்தது. தலைமையாசிரியர் ஏசுபாதத்துக்கு வியர்த்துவிட்டது. ரெபேக்காள் பீரோவைத் திறந்து, பள்ளியிலிருந்த ஒரே மைக்ராஸ்கோப்பைத் துடைத்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து மானத்தைக் காப்பாற்றினாள்.

கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டெக்னீஷியன் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பள்ளிக்குக் கொடுத்த மைக்ராஸ்கோப் அது. லென்ஸ் இன்னும் பளிச்சென்று இருக்கும். நுண் திருகைத் தெரியாமல் திருப்பிக் கண்ணாடி வில்லையை உடைத்துவிடக் கூடாது என்று, பிளஸ் டூ படிக்கும் பவானி அதில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். எம்.எல்.ஏ. அந்தக் கருவிக்கு ஒரு மாலை போட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, முந்திரிப் பக்கோடா சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவருடைய உதவியாளர் பூபாலன் காரில் வந்து இறங்கினான்.

"டீச்சர், அந்த எந்திரத்த ஒரு நாளைக்குக் குடுங்க. நாளைக்கு திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு லேப்பு தொறக்கிறோம்."

"அந்த லேப்புக்கு மைக்ராஸ்கோப் வாங்கலையா?"

"அதான் உங்ககிட்ட கீதே டீச்சர். ஒரே தொகுதிக்கு எத்தினி வாங்கறது?"

அழைப்பிதழின் பின்பக்கத்தில் 'தற்காலிகமாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப்போனான். அன்று புறப்பட்ட மைக்ராஸ்கோப் பிறகு வீடு திரும்பவில்லை. தைப்பொங்கலுக்குள் பதினோரு ஆய்வகங்களைத் திறந்து வைத்துவிட்டது.

பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. ரெபேக்காளின் வகுப்பில் இருபத்தாறு பேர். மைக்ராஸ்கோப் இல்லாவிட்டால் இருபத்தாறு பேருக்கும் அந்தக் கேள்விக்கான மார்க் போய்விடும். பவானிக்கு நர்ஸிங், அரவிந்தனுக்கு மீன்வளப் படிப்பு என்று ஆளுக்கு ஒரு கனவு இருந்தது. அவள் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தாள். மூன்றாம் முறை பூபாலன் மனம் இரங்கினான்.

"தலைவரு சாதனை மலரு ஒண்ணு போடணும்னு சொல்லிகினு கீறாரு. அறிவியல், எரிசக்தி, கல்வி, சுற்றுச்சூழல்னு நாலு பாகம். நல்ல தமிழ்ல எழுதிக் குடுங்க டீச்சர். மலரு இங்க வந்தா எந்திரம் உங்க வூட்டுக்கே வரும்."

ஒரு அரிசி மூட்டைச் சாக்கு நிறையப் புகைப்படங்களைக் கொடுத்தனுப்பினான். ரெபேக்காள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து எழுதினாள்.

சுற்றுச்சூழல் பாகம் சுலபமாக வந்தது. ஒவ்வொரு ஜூன் ஐந்தாம் தேதியும் எம்.எல்.ஏ. மரக்கன்று நடுகிறார். நான்கு வருஷமும் ஒரே குழி. புதிதாகக் குழி தோண்டினால் மண்வளம் கெடும் என்ற அக்கறை. கன்று என்ன ஆனது என்று கேட்கலாகாது. குழி நன்றாக இருக்கிறது. 'மண்ணுக்கு ஊறு செய்யா மாண்பு' என்று தலைப்பிட்டாள்.

எரிசக்தியில் சூரிய ஒளித் தெருவிளக்குகள். விளக்குக் கம்பங்களைத் திறந்து வைத்த விழாவின் நாற்பதடி ஃபிளெக்ஸ் இன்னும் அவிழ்க்கப்படாமல், பேனல்களின்மேல் வெயில் படாதவாறு காத்து நிற்கிறது. இதை எப்படி எழுதுவது என்று பூபாலனிடம் போனில் கேட்டாள்.

"விளக்கு எரியாட்டி இன்னா டீச்சர், கம்பம் நிக்குதுல்ல? 'நிமிர்ந்து நிற்கும் திட்டம்'னு போடுங்க."

சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய பணியையும் தேடிப் பார்த்தாள். நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். 'எனது தொகுதியில் கரையை அரித்துவரும் கடலை நூறடி பின்னால் தள்ளி வைக்க அரசு ஆவன செய்யுமா?' பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்திருந்தது. பவானியின் அப்பா ஜம்புலிங்கம் மீன் வியாபாரி. போன ஐப்பசியில் அவர் வீட்டுப் பின்சுவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. ரெபேக்காள் அந்தக் கேள்வியையும் பதிலையும் அவருக்குப் படித்துக் காட்டினாள்.

"கவருமெண்டு பரிசீலிக்குது, சரி. கடலு பரிசீலிக்கலியே டீச்சர்."

கடைசியாக அறிவியல் பாகம். பதினோரு ஆய்வகங்களின் பதினோரு படங்களை வரிசையாகத் தரையில் பரப்பினாள். எல்லாவற்றிலும் அதே எம்.எல்.ஏ., அதே சிரிப்பு. எல்லாவற்றிலும் மைக்ராஸ்கோப்பின் நுண் திருகில் ஒரு சிவப்புப் பொட்டு. ரெபேக்காளுக்கு அழுகை வந்தது. காணாமல் போன பிள்ளையை ஊர் ஊராகத் திருவிழாக் கூட்டத்தில் பார்ப்பதுபோல் இருந்தது. இருப்பதிலேயே தெளிவான படத்தைப் பதினான்காம் பக்கத்தில் முழுப் பக்கத்துக்கு வைத்து, கீழே எழுதினாள்: 'இத்தொகுதி மாணவர் அனைவரும் இக்கருவியைப் பார்த்திருக்கிறார்கள்.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மலர் அச்சாகி வந்தது. மைக்ராஸ்கோப் வரவில்லை. செய்முறைத் தேர்வு நாள் வந்தது.

வெளித்தேர்வாளராக லோகநாயகி என்ற ஆசிரியை, முத்திரையிட்ட உறையோடு காலை ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தார். கூடுவாஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு. உறையைப் பிரித்தார். கேள்வி: சர்க்கரைக் கரைசலில் மகரந்தத்தூள் முளைப்பதை நுண்ணோக்கியில் கண்டு, வரைந்து, பாகம் குறி.

"மைக்ராஸ்கோப் எங்க?"

"டூர்ல இருக்கு மேடம்," என்றார் ஏசுபாதம்.

"பக்கத்து ஸ்கூல்ல வாங்கிட்டு வாங்க."

"பக்கத்துல பதினோரு ஸ்கூல்லயும் நம்ம மைக்ராஸ்கோப்பைத்தான் கேட்டுட்டு இருக்காங்க," என்றாள் ரெபேக்காள். "இன்னிக்குப் பன்னிரண்டாவது லேப் திறப்பு விழாவுல இருக்கு. சிங்கப்பெருமாள் கோயில் போற வழியில."

லோகநாயகி கண்டிப்பானவர். விதிப் புத்தகத்தைப் பிரித்து இரண்டு தரம் படித்தார். செய்முறைத் தேர்வு ஆய்வகத்தில்தான் நடக்க வேண்டும் என்று இருந்தது. ஆய்வகம் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை.

"கருவி எங்க இருக்கோ அதான் லேப்," என்று தீர்ப்புச் சொன்னார். "வண்டி இருக்கா?"

வண்டி ஜம்புலிங்கத்தினுடையது. மீன் ஏற்றும் சின்ன லாரி. ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பின்னால் இருபத்தாறு பேரும் ரெபேக்காளும் ஏசுபாதமும் ஏறிக்கொள்ள, முன்னால் லோகநாயகி மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பள்ளி வாசலில் பூத்திருந்த நித்தியகல்யாணியைப் பறித்து, மகரந்தத்தைக் கண்ணாடி வில்லைகளில் தட்டி, சர்க்கரைத் தண்ணீர் விட்டு, ஈரப் பஞ்சு வைத்த டிபன் பாக்ஸுகளில் பிள்ளைகள் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"மெதுவாப் போ நைனா, குலுங்குது!" என்று வழிநெடுகக் கத்தினாள் பவானி.

"மீனு ஏத்திகினு போனாக்கூட இம்மாம் பேஜாரு இல்ல," என்றார் ஜம்புலிங்கம். ஆனாலும் வேகத்தடைகளில் பிரசவக் கேஸை ஏற்றிப்போவதுபோல் ஓட்டினார்.

பன்னிரண்டாம் ஆய்வகத்தின் வாசலில் பந்தல். மேடையில் பட்டுத்துணி விரித்த மேஜை. அதன்மேல் மாலையும் கழுத்துமாக மைக்ராஸ்கோப். பத்து மணிக்கு வரவேண்டிய எம்.எல்.ஏ. இன்னும் வரவில்லை. அறிவிப்பாளர் 'சிறிது நேரத்தில்' என்று மணிக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டிருந்தார். ரெபேக்காள் நேராக மேடையேறி, மாலையைக் கழற்றி, வெளிச்சம் விழும் பக்கம் கண்ணாடியைத் திருப்பினாள். லோகநாயகி நாற்காலி போட்டு மார்க் ஷீட்டை விரித்தார். பதிவெண் வரிசையில் தேர்வு தொடங்கியது.

ஏதோ செயல்விளக்கம் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. பூபாலன் வந்தவன் அலறிவிட்டான்.

"டீச்சர், இன்னா இது? தலைவரு வர்ற நேரம்!"

"அவர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்," என்றார் லோகநாயகி. "பதிவெண் ஏழு, அடுத்து."

எம்.எல்.ஏ. ஒரு மணிக்கு வந்தபோது இருபத்தைந்து பேர் முடித்திருந்தார்கள். பவானி கடைசி. எம்.எல்.ஏ. கோபப்படவில்லை. சுற்றிலும் சீருடைப் பிள்ளைகள், படம் எடுப்பவர்கள். அவர் முகம் மலர்ந்தது. பவானியை நகர்த்திவிட்டுத் தானே குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, வாலு மொளைச்சிகினு கீது? எதாச்சும் வியாதியா?"

"மகரந்தம் சார். மொளைச்சிருக்கு."

"எம்மாம் நேரத்துல?"

"நீங்க லேட்டா வந்த நேரத்துல சார்."

எம்.எல்.ஏ. மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா மக்களே? என்னோட தொகுதியில தூசுகூட மொளைக்குது!" பந்தல் அதிர்ந்தது. பவானி பென்சிலை எடுத்து, வரைந்து, பாகம் குறித்தாள். லோகநாயகி அவளுக்கு முழு மார்க் போட்டார்.

கூட்டம் கலையும்போது ரெபேக்காள் மைக்ராஸ்கோப்பைத் துண்டில் சுற்றி, ஜம்புலிங்கத்தின் வண்டியில் வைத்தாள். பூபாலன் ஓடிவந்து வண்டியை மறித்தான்.

"டீச்சர், நாளைக்குப் பதிமூணாவது! கூடுவாஞ்சேரிக்கு அந்தாண்ட. எந்திரம் இல்லாம எப்படித் தொறக்கிறது? என் பொழப்பே பூடும்!"

ரெபேக்காள் பையிலிருந்து சாதனை மலரை எடுத்துப் பதினான்காம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள்.

"உங்களுக்குப் படம்தானே தம்பி வேணும்? இதோ இருக்கு."

பூபாலன் அந்தப் பக்கத்தை உற்றுப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஞானம் படர்ந்தது.

"ஆமால்ல? தூக்கிகினு போறதுக்கும் சுலபம்."

இப்படியாக, உபகரணமே இல்லாத உலகின் முதல் நவீன ஆய்வகம் நம் தொகுதியில் உதயமாயிற்று. படத்தைப் பெரிதாக்கி, எம்.எல்.ஏ. நின்ற பாதியை வெட்டிவிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். பூமாலை வாடிவிடும் என்பதால் சந்தன மாலை. விழாவில் கரண்டு போய் மைக் வேலை செய்யாததால், அறிவியல் செம்மலால் உரையாற்ற முடியவில்லை. இதையெல்லாம் ரெபேக்காள் மறுநாள் தினசரியில் படித்துச் சிரித்தாள். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் அவளுக்கு வெளித்தேர்வாளர் பணி ஆணை வந்தது. கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம், பதின்மூன்றாம் ஆய்வகம்.

அவளுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. தன் பிள்ளைகள் இருபத்தாறு பேரை மட்டும்தான் எண்ணியிருந்தாள். அந்தப் பள்ளியில் முப்பத்தொரு பேர் என்று ஆணையில் போட்டிருந்தது. படத்தை எடுத்துக் கொடுத்த கை தன்னுடையது என்று நினைக்க வெட்கமாக இருந்தது. மைக்ராஸ்கோப்பைத் துண்டில் சுற்றி, வயர் கூடையில் வைத்து, முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

அந்த ஆய்வகத்தில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். எதிர்ச் சுவரில் சட்டத்துக்குள் மைக்ராஸ்கோப். நுண் திருகில் சிவப்புப் பொட்டு. மேலே சந்தன மாலை. ரெபேக்காள் கூடையிலிருந்து நிஜத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

முன்னால் நின்ற பெண், பெயர் சிநேகா, கருவியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி கருவியைப் பார்த்தாள்.

"டீச்சர், இது உயிரோடதான் கீதா?"

"ஏம்மா அப்படிக் கேக்குற?"

"செத்துப்போச்சுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தோம். எம்.எல்.ஏ.தான் வந்து படத்துக்கு மாலை போட்டாரு. அப்பறம் எல்லாரையும் எழுந்து நிக்கச் சொல்லிட்டு, ரெண்டு நிமிஷம் பேசாம நின்னுட்டுப் போனாரு."